லேப்டாப் சூடாவதும் அணைந்துபோவதும் ஒரே கோளாறுதானா?

ஆறேழு வருஷம் ஓடிய லேப்டாப் கொதிக்கிறது. இடையிடையே தானாக அணைந்தும் போகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, "ஹீட்டாகி ஆஃப் ஆகுது" என்று சொல்லிவிடுகிறோம். பல சமயம் அவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

இன்றைய பிராசசருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும். 2017-இல் வந்த இன்டெல் ஐ5-8250யூவின் உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை பாயும் அந்தச் சிப், வரம்பைத் தொட்டதும் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே இறக்கிக்கொள்ளும். ஆகவே சூட்டின் முதல் அடையாளம் மந்தம். அப்படி இறக்கியும் சூடு அடங்காமல் ஏறினால்தான் மின்சாரம் துண்டிக்கப்படும்.

அதனால் ஸ்க்ரூவில் கை வைக்குமுன் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை நிறுவி, சென்சார் அளவுகளைக் கோப்பில் பதியவிடுங்கள். அடுத்த முறை அணைந்ததும் அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். 95, 97, 99 என்று ஏறிப்போய் நின்றிருந்தால் காரணம் சூடு. 60 டிகிரியில் நின்றிருந்தால் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்தத் தடவும் பசை) மாற்றுவது வீண் செலவு.

60-இல் அணைந்தால் எங்கே தேடுவது? கணினியில் நடப்பவற்றைப் பட்டியலிடும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'கர்னல்-பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்து சார்ஜரை மாற்றுபவர்கள் உண்டு. முந்தைய முறை ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது பெரும்பாலும் வேறெதுவும் சொல்வதில்லை. நீலத் திரை வந்து, ஒவ்வொரு முறையும் பிழைக்குறி மாறினால் முதல் சந்தேகம் ரேம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விட்டுவிடக் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் எது கெட்டது, ரேமா ஸ்லாட்டா என்பது தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க் இருந்தால் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி5 வரியை (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை) பாருங்கள். அதன் ரா வேல்யூ பூஜ்யமாக இல்லையென்றால் மற்ற வேலை எல்லாம் பிறகு, முதலில் கோப்புகளை நகலெடுங்கள். பேட்டரியில் 30 சதவீதம் காட்டும்போதே பொட்டென்று அணைந்தால் செல் தளர்ந்துவிட்டது: பிராசசர் திடீரென அதிக மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நிமிடமே பயன்பாட்டை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம்.

சரி, சூடுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். பிராசசரின் வெப்பத்தைத் தூக்கிச் செல்வது ஹீட் பைப். வெற்றிடமாக்கிய செம்புக் குழாய்; உள்ளே சில துளி நீர். அழுத்தம் மிகக் குறைவு என்பதால் நீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் ஆவியாகி, மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும் முனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்புகிறது. தகடுகளின் சூட்டை ஃபேன் வெளியே தள்ளுகிறது.

இந்தப் பாதையில் அடைப்பு எங்கே என்பதைக் கையே சொல்லும். திரையில் 95 டிகிரி காட்டும்போது காற்று வெளிவரும் வாயில் கையை வையுங்கள். காற்று சுடுகிறது, ஆனால் பலமில்லை என்றால் தூசி. காற்று பலமாக, ஆனால் வெதுவெதுப்பாக வந்தால் வெப்பம் தகடு வரைக்கும் வந்தே சேரவில்லை: பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஹீட்சிங்க் (சிப்பின் மேல் அமர்ந்து சூட்டை வாங்கும் உலோகப் பகுதி) சரியாக அமராமல் இருக்கலாம், அல்லது பைப் நசுங்கியிருக்கலாம்.

தூசிக்கு வெளியிலிருந்து ஊதிப் பயனில்லை. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே அது கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். ஊதினால் ஃபேனுக்குள் திரும்பிப் போகும். சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். பிறகு ஃபேன் மூடியை எடுத்து அந்தப் படலத்தை உரித்தெடுக்க வேண்டும். ப்ளோயர் அடித்தால் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் போய்விடும். ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும். நீளமானதைக் குட்டை இடத்தில் முடுக்கினால் மேல்மூடியில் பொத்துக்கொண்டு வரும். ஆகவே கழற்றிய வரிசையிலேயே காகிதத்தில் வையுங்கள்.

அடுத்தது பேஸ்ட். காற்றின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.026 (வாட்/மீட்டர்-கெல்வின் அளவில்), நல்ல பேஸ்டுக்கு 5-க்கும் மேல். செம்புக்கும் சிப்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழுந்தாலே சூடு எகிறுவது இதனால்தான். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். கழற்றும்போது தலைகீழ் வரிசை, மாட்டும்போது நேர் வரிசை, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக. லேப்டாப் சிப்புக்கு மேல் உலோக மூடி கிடையாது, ஓரம் சிதறிவிடும், நேராகத் தூக்குங்கள். பழையதை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதியதைச் சிப் முழுக்க மெல்லிசாகப் பரப்புங்கள். பக்கத்துச் சிப்களில் ரப்பர்போல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடுக்குப் பதிலாகப் பேஸ்ட் வைக்கவே வேண்டாம். அந்த இடைவெளி அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும், பேஸ்ட் எட்டாது.

மூடியபின் முன்பு ஓட்டிய அதே வேலையை அதே அறையில் ஓட்டி ஒப்பிடுங்கள். அறைச்சூடு ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மே மாதத்து எண்ணை டிசம்பர் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. கொஞ்சமும் குறையவில்லை என்றால் திரும்பத் திறந்து பாருங்கள். பேடின் தடிமன் கூடி ஹீட்சிங்க் சிப்பில் அமராமல் தூக்கி நிற்கலாம். ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால் அதை மாற்றித்தான் ஆகவேண்டும். புதுசு வரும்வரை விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் உச்ச நிலையை 99 சதவீதமாக வைத்தால், பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ வேகம் (அடிப்படை வேகத்துக்கு மேல் பாய்வது) நின்று சூடு நன்றாகவே இறங்கும்.