சுக்கான் இல்லாத பலகை காற்றை எதிர்த்துப் போவது எப்படி?

மார்த்தாண்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மகள் வீட்டுக்கு ஹவாய் போனவர், மாவி தீவில் கஹுலுயி விமான நிலையத்தை ஒட்டியுள்ள கனஹா கடற்கரைப் பூங்காவுக்குத் தினமும் மாலையில் நடக்கப் போயிருக்கிறார். அங்கே விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் கட்டிய பலகையில் நின்று கடலில் ஓடுகிற விளையாட்டு, ஆடுகிறவர்களைப் பார்த்ததும் அவருக்கு வந்த சந்தேகம் இது: "தம்பி, காத்து ஒரே பக்கமாத்தான் அடிக்கு. பயலுவ கடலுக்குள்ள போறானுவ, அதே காத்துல திரும்பியும் வாறானுவ. மோட்டாரும் இல்ல, துடுப்பும் இல்ல. எங்க அப்பா தேங்காய்ப்பட்டணத்துல பாய் கட்டுன வள்ளத்துல போனவரு. காலையில கரைக்காத்துல போய், மதியம் கடல்காத்துல திரும்புவாரு. அவருக்கு ரெண்டு காத்து வேணும். இவனுவளுக்கு ஒண்ணு போதுமா?"

போதும். கேள்வியிலேயே பாதி இயற்பியல் இருக்கிறது.

முதலில் காற்றின் கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹவாய்க்கு வடகிழக்கிலிருந்து தடக்காற்று ஆண்டின் பெரும்பகுதி வீசுகிறது. மாவியில் ஒரு பக்கம் 3,055 மீட்டர் உயர ஹாலியாகலா எரிமலை, மறுபக்கம் மேற்கு மாவி மலைகள். நடுவில் தாழ்வான சமவெளி. அந்த இடைவெளிக்குள் நெருக்கப்படும் காற்று வேகம் பிடிக்கிறது. நமக்கு இது புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கனஹாவில் கடற்கரை வடக்கு பார்த்து இருக்கிறது. கடலைப் பார்த்து நின்றால் காற்று வலது பக்கத்திலிருந்து, ஏறக்குறைய கரையை ஒட்டியே வரும். அதனால் போகும்போதும் பக்கக் காற்று, வரும்போதும் பக்கக் காற்று. ஆசிரியையின் கேள்விக்குப் பாதி விடை இது.

மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்தது. பக்கக் காற்று ஒரு பலகையை ஏன் முன்னோக்கி ஓட்ட வேண்டும்? பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவதுதானே நியாயம்?

பாய் காற்றைத் திருப்பிவிடுகிறது. விரிந்து வளைந்து நிற்கும் துணியின் மேல் வரும் காற்று, அந்த வளைவை ஒட்டிப் போய், வந்த திசையைவிட்டு வேறு திசையில் வெளியேறுகிறது. காற்றைப் பாய் ஒரு பக்கம் திருப்பினால், பாயைக் காற்று மறுபக்கம் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான். பாயின் மறைவுப் பக்கத்தில் அழுத்தம் குறைவதும் எதிர்ப்பக்கத்தில் கூடுவதும் இதே நிகழ்ச்சியின் இன்னொரு முகம்.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். விமான இறக்கையின் மேல்பக்கம் நீளம் அதிகம், கீழ்ப்பக்கம் குறைவு, இரண்டு வழியாகப் போகும் காற்றும் ஒரே நேரத்தில் மறுமுனையில் சேர வேண்டும், அதனால் மேலே வேகம் அதிகம் என்று ஒரு விளக்கம் பல பாடப்புத்தகங்களில் இன்னமும் உலவுகிறது. அது தவறு. ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் இல்லை. அளந்து பார்த்தால் மேலே போகும் காற்றுதான் முன்னால் போய்ச் சேருகிறது. பாயை எடுத்துக்கொண்டால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அது ஒற்றைத் துணி. இரண்டு பக்கமும் ஒரே நீளம். அப்படியும் அது ஒரு ஆளைச் சுமந்த பலகையை இழுத்துக்கொண்டு பறக்கிறது. கிரகணத்தன்று சோறு ஆக்கக் கூடாது என்பதை மூடநம்பிக்கை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற நாம், இதையும் அதே அக்கறையோடு திருத்த வேண்டும்.

சரி, பாயின் மேல் விழும் விசை எந்தப் பக்கம் இருக்கிறது? ஏறக்குறைய துணிக்குச் செங்குத்தாக. அதாவது பெரும்பகுதி பக்கவாட்டில், சிறு பகுதி மட்டும் முன்னோக்கி. பலகை வெறும் தட்டையாக இருந்தால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய்விடும். அதைத் தடுப்பது பலகையின் பின்பக்க அடியில், நீருக்குள் நிற்கும் ஃபின் என்ற செதில். பலகை சில டிகிரி பக்கவாட்டில் நழுவும்போது, ஃபின் மேல் தண்ணீர் சாய்வாக வந்து மோதுகிறது. உடனே அதுவும் நீருக்குள் ஒரு இறக்கையாக வேலை செய்து, எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. இரண்டு பக்கத் தள்ளல்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, மிஞ்சி நிற்பது முன்னோக்கிய அந்தச் சிறு பகுதி. வழவழப்பான சக்கைக்குருவை (பலாக்கொட்டையை) இரண்டு விரலால் இரு பக்கமும் அழுத்தினால் அது முன்னால் பாய்ந்து ஓடுமே, அதுபோலத்தான்: ஒரு விரல் காற்று, இன்னொரு விரல் தண்ணீர்.

5 சதுர மீட்டர் பாய்க்கு எவ்வளவு பெரிய ஃபின் வேண்டும்? தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பக்கத்திலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று, பலகையும் 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவருக்குப் படும் காற்று இரண்டும் சேர்ந்து சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில், சாய்வாக முன்பக்கத்திலிருந்து வரும். வர்க்கம் எடுத்தால் காற்றுக்கு 2 மடங்கு சாதகம். 800-ஐ 2-ஆல் வகுத்தால் 400. பாயின் பரப்பில் 400-இல் ஒரு பங்கு, 125 சதுர சென்டிமீட்டர்! ஃபின் மிகச் சிறிய கோணத்தில் வேலை செய்வதால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வைக்கிறார்கள். அப்படியும் ஒரு A4 தாள் அளவுகூட வராத ஒரு துண்டு, ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் பாயைத் தாங்கிப்பிடிக்கிறது. இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் எனக்கு ஆனந்தமாகத்தான் இருக்கிறது.

நம் ஆட்களுக்கும் இது தெரியும். பாய் விரித்துப் போகும் கட்டுமரங்களில் பக்கவாட்டில் ஒரு பலகையை நீருக்குள் இறக்கிவைக்கும் வழக்கம் உண்டு. வேலை அதேதான்.

நேர் எதிர்க்காற்றில் மட்டும் யாராலும் போக முடியாது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். காற்றுக்கு 45 டிகிரி வாக்கில் ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபக்கம் 45 டிகிரியில் போய், வளைந்து வளைந்து ஏற வேண்டும். 1 கிலோமீட்டர் முன்னேற 1.4 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

இனி சுக்கான். இந்தப் பலகையில் அது கிடையாது. பாய்மரத்தின் அடியில் எல்லாப் பக்கமும் மடங்கும் ஒரு மூட்டு இருக்கிறது. ஓட்டுபவர் பூம் என்ற குறுக்குக் கழியைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பாயையும் முன்னால் சாய்க்கலாம், பின்னால் சாய்க்கலாம். பாயின் தள்ளல் முழுவதும் ஒரு புள்ளியில் விழுவதாகக் கொள்ளுங்கள். நீர் தாங்கிப்பிடிக்கும் விசைக்கும் அப்படி ஒரு புள்ளி உண்டு. இரண்டும் நேருக்கு நேர் நின்றால் பலகை நேராக ஓடும். பாயை முன்னால் சாய்த்தால் காற்றின் புள்ளி நீரின் புள்ளிக்கு முன்னே போய்விடும். மூக்கு காற்றைவிட்டு விலகித் திரும்பும். பின்னால் சாய்த்தால் வால் தள்ளப்பட்டு மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். வேகம் கூடி, பலகை நீரின் மேல் எழும்பி வழுக்க ஆரம்பித்த அப்புறம் கால் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். பூமைக் கைவிட்டால் பாய் அப்படியே தண்ணீரில் படுத்துவிடும், விசை பூஜ்யம். ஒரே மூட்டில் சுக்கானும் பிரேக்கும் அடங்கிவிட்டன!

இந்த யோசனை யாருடையது என்று நீதிமன்றம் வரை போனார்கள். அமெரிக்காவில் நியூமன் டார்பி 1965-இல் பாய் கட்டிய பலகையைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். கலிஃபோர்னியாவில் ஹாயில் ஷ்வைட்சரும் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும் 1968-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பிறகு பிரிட்டனில் நடந்த வழக்கில், பீட்டர் சில்வர்ஸ் என்பவர் 1958-இல், 12 வயதுப் பையனாக, ஹெய்லிங் தீவில் இப்படி ஒன்றைச் செய்து ஓட்டியிருந்தார் என்பது நிரூபணமாகி, அங்கே அந்தக் காப்புரிமை செல்லாது என்றார்கள். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு சேர்ந்தது. 2015-இல் பிரான்சின் ஆன்ட்வான் அல்போ நமீபியாவில் 500 மீட்டர் ஓட்டத்தில் சராசரி 53.27 நாட் தொட்டார். மணிக்கு சுமார் 99 கிலோமீட்டர்.

விளையாட்டுக்கு இவ்வளவு மூளை செலவானதில் எனக்கு வருத்தமில்லை. நீரோடி முதல் கன்னியாகுமரி வரை எஞ்சின் வந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டோம் என்பதில்தான் வருத்தம். 2023-இல் பிக்ஸிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பல் இறக்கை போன்ற விறைப்பான பாய் பொருத்திச் சீனாவிலிருந்து பிரேசிலுக்குக் கிளம்பியது, எரிபொருளை மிச்சப்படுத்த. குளச்சல் ஃபைபர் வள்ளத்துக்கு மடக்கக்கூடிய ஒரு பாயும் பக்கப் பலகையும் வடிவமைத்து, திரும்பி வரும் வழியில் எவ்வளவு எண்ணெய் மிஞ்சுகிறது என்று அளக்க ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பெரிய தொகை தேவையில்லை. முப்பந்தல் காற்றுக்குக் கோடிகளில் செலவழிக்கத் தெரிந்த நாடு இதற்குச் சில லட்சங்கள் ஒதுக்கலாம்; ஒதுக்க வேண்டும்.

மார்த்தாண்டத்துப் பேரப்பிள்ளைகள் இதைக் கற்க ஆசைப்பட்டால், முட்டம், சொத்தவிளை போன்ற திறந்த கடற்கரைகள் ஆரம்பத்துக்கு உகந்தவை அல்ல. கரையில் அலை உடைகிற வேகம் அதிகம். வானம் தெளிவாக இருக்கும்போதே கள்ளக்கடல், அதாவது தூரத்துப் புயலில் எழுந்து வரும் பேரலை, ஏறிவரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அதற்கு எச்சரிக்கை தருகிறது, அதைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. உயிர்காப்புச் சட்டையோடு, தெரிந்தவர் துணையோடு, அமைதியான காயல் நீரில் தொடங்கலாம். காற்று கரையை ஒட்டி அடிக்கிறதா என்று பாருங்கள். கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கும் காற்று என்றால் அன்று வேண்டாம். கரையோரம் தென்னை மறைப்பில் அது மெலிதாகத் தெரியும், நீரும் தட்டையாக இருக்கும். தள்ளிப் போகப் போகக் காற்று கூடும். அங்கே அந்த மூட்டோ ஃபின்னோ உடைந்தால், மிஞ்சுவது பக்கவாட்டில் வழுக்கும் வெறும் பலகைதான், அது கரைக்கு எதிர்த்திசையில் போகும்.