டயர் ரப்பரில் கந்தகம் போடும் பாலங்கள்

கார் டயரில் சாலையைத் தொடும் பகுதி பெரும்பாலும் எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பரால் ஆனது. ஸ்டைரீன், பியூட்டாடையீன் என்ற இரு மூலக்கூறுகளையும் ஒழுங்கின்றிக் கலந்து கோத்த நீண்ட சங்கிலிகள் இதில் இருக்கின்றன. வேகவைக்காத, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்காத ரப்பரை இழுத்தால் இந்தச் சங்கிலிகள் ஒன்றை விட்டு ஒன்று வழுக்கிவிடும், பழைய வடிவத்துக்குத் திரும்பாது. சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டு அவற்றைப் பிணைப்பது கந்தகம்.

ஆனால் கந்தகத்தை மட்டும் சேர்த்தால் ரப்பர் வேக மணிக்கணக்காகும். கந்தகத்தில் அணுக்கள் எட்டெட்டாக வளையமாகப் பிணைந்திருப்பதால் அது எளிதில் வினைபுரியாது. துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் ஆக்சலரேட்டர் எனும் வேகமூட்டியும் கூட்டுச் சேர்ந்துதான் அந்த வளையத்தைத் திறக்கின்றன. 100 கிலோ ரப்பருக்குக் கந்தகம் ஏறக்குறைய 2 கிலோ, ஆக்சலரேட்டர் 1 கிலோவை ஒட்டி. அவ்வளவுதான்!

வேகம் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். கலவை இயந்திரத்திலும் உருளைகளிலும் ரப்பர் 100 டிகிரியை ஒட்டிச் சூடாகும். அங்கேயே வெந்துவிட்டால் மொத்தக் கலவையும் வீண். அதனால்தான் டயர்க்காரர்கள் சல்பீனமைடு வகை ஆக்சலரேட்டரை விரும்புகிறார்கள். அது முதலில் அடங்கியிருக்கும், அச்சுக்குள் 160 டிகிரி வாக்கில் சூடேறியதும் விறுவிறுவென வேலையை முடித்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான். கந்தகம் கூடுதலாகவும் ஆக்சலரேட்டர் குறைவாகவும் இருந்தால் பாலங்கள் நீளமாக அமையும், ஒவ்வொன்றிலும் பல கந்தக அணுக்கள் இருக்கும். டயர் வளைந்து நிமிரும்போது அவை அறுந்தாலும் மறுபடி சேர்ந்துகொள்வதால் விரிசல் விழுவது தாமதமாகும். ஆனால் சூட்டை அவை தாங்கா. விகிதத்தைத் திருப்பிப் போட்டால் ஓரிரு அணுக்களே கொண்ட குட்டைப் பாலங்கள் உருவாகும். சூட்டுக்கு அசையமாட்டா, ஓயாமல் வளைத்தால் சீக்கிரம் விரிசல் விடும். அதே ரப்பர், அதே கந்தகம். விகிதம் மாறியதும் குணமே மாறிவிடுகிறது. கலவை போடுகிறவர் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

அச்சை விட்டு வெளியே வந்த பிறகும் இந்த வேதியியல் ஓய்வதில்லை. அதிகச் சூட்டில் இயற்கை ரப்பரின் பாலங்கள் அறுந்து அது இளகும். எஸ்.பி.ஆரிலோ வெப்பத்தாலும் ஆக்சிஜனாலும் புதுப் பாலங்கள் கூடிக்கொண்டே போகும், ரப்பர் இறுகும். தேயாத பழைய டயரும் மழையில் வழுக்குவதற்கு இது ஒரு காரணம். டயரின் வயதை அறிய, பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள்: 3019 என்றால் 2019-ஆம் ஆண்டின் 30-ஆவது வாரத்தில் வார்த்த டயர்.