நடுவரின் விசில் கயிறு மட்டும் தெளிவாக விழுந்த படம்

பொங்கல் முடிந்த வாரத்தில், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் ஸ்டுடியோவுக்கு வந்தார். தோளில் புதுப் பை. "அண்ணே, கேமராவில் ஏதோ கோளாறு இருக்கிறது, கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்" என்றார். தவணையில் வாங்கியதாம். ஒரு கேமரா பாடி, இரண்டு லென்ஸ், ஒரு பை, ஒரு கார்டு எல்லாம் சேர்த்து ஒரே விலை. இரவுக் கபடிப் போட்டிகளைப் படமெடுத்து விற்பது அவர் திட்டம்.

படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஓரத்தில் நின்ற நடுவரின் கழுத்தில் தொங்கிய விசில் கயிற்றின் முறுக்கைக்கூட எண்ணிவிடலாம். கபடி பாடிப் போன பையனுக்கோ கையும் இல்லை, காலும் இல்லை. வெறும் மஞ்சள் தீற்றல். கேமராவில் ஒரு குறையும் இல்லை. படத்தின் விவரத்தைத் திறந்தேன்: 200 மி.மீ., எஃப் 5.6 (லென்ஸின் திறப்பு; எண் சிறுத்தால் வெளிச்சம் கூடும்), ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 6400. நோய் அந்த 1/125-இல் இருந்தது.

மங்கிய படத்தைக் கண்டதும் கேமராவைத் திட்டுவதற்கு முன், எது மங்கியிருக்கிறது என்று பாருங்கள். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னால் கட்டிய பேனர் தெளிவாகவும் ஆட்டக்காரர் முழுக்க மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. நின்றவர் தெளிவு, ஓடியவர் மட்டும் தீற்றல் என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. முதல் குறைக்கு மோனோபாட் எனும் ஒற்றைக்கால் தாங்கி போதும், இரண்டாவதற்குப் பழக்கம் வேண்டும். மூன்றாவதற்குத்தான் பணம் செலவாகும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு இதைச் சரிசெய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், எதிரே ஓடுகிறவனைத் தடுக்காது.

கபடிக்கும் கைப்பந்துக்கும் நான் 1/800-க்குக் கீழே மனமறிந்து இறங்குவதில்லை. கேமராவோடு சேர்த்து வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதே விளக்கில் 1/125 எடுத்த இடத்தில் 1/500 எடுக்கலாம். எஃப் 1.8 என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு. மெகாபிக்சல் எத்தனை என்று கடையில் கேட்கிறவர்கள் இந்த ஒரு எண்ணைக் கேட்பதே இல்லை.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். நீங்கள் படமெடுக்கப் போகும் மைதானத்துக்கு, ஆட்டம் நடக்கும் அதே நேரத்தில் போங்கள். நண்பரின் சாதாரணக் கேமரா போதும். எஃப் 5.6, ஷட்டர் 1/200 வைத்து, படம் சரியான வெளிச்சத்தில் வரும்வரை ஐஎஸ்ஓ-வை ஏற்றுங்கள். அந்த ஐஎஸ்ஓ-வில்தான் எஃப் 2.8 லென்ஸும் 1/800-இல் எடுக்கும். 3200 வந்தால் கவலையில்லை. 25600 வந்தால் படமெங்கும் புள்ளி புள்ளியாக விழும்; எஃப் 2.8-ஐயும் மறந்துவிட்டு எஃப் 1.8-க்குப் போக வேண்டும். கிராமத்து ஃபோகஸ் லைட்டுகளில் நான் பார்த்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைமைதான்.

பகல் ஆட்டத்தின் கணக்கே வேறு. புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி மைதானத்தில் மாலை மூன்று மணி வெயிலில் கால்பந்து எடுக்க, எஃப் 6.3 வரை சுருங்கும் 150–600 ஜூமே நன்றாக வேலை செய்யும். அங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை, தூரம்தான் தொல்லை. ஃபுல் ஃப்ரேமைவிட (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சிறிய சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, உள்ள கிராப் பாடி அங்கே லாபம். அதில் 200 மி.மீ. லென்ஸ் 300 போலத் தெரியும். (புதுச்சேரிக்காரர்கள் ஆடும் பெத்தாங்க் இரும்புக் குண்டு ஆட்டத்துக்கு எந்தக் கேமராவும் போதும். அதில் அவசரப்படுகிறவர் யாருமில்லை.)

பாடிக்கு நான் இன்றும் செகண்ட்ஹேண்டையே சொல்வேன். 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2, 2016-இல் வந்த நிக்கான் டி500 இரண்டும் நொடிக்கு 10 படம் எடுப்பவை, ஷட்டர் 2 லட்சம் முறை இயங்கும் என்று சோதிக்கப்பட்டவை. விற்பவரிடம் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். புதிய மிரர்லெஸ்ஸில் நொடிக்கு 30 என்று போட்டிருந்தால், அது எலக்ட்ரானிக் ஷட்டரா என்றும் கேளுங்கள். விலை உயர்ந்த சில மாடல்களைத் தவிர, மற்றவற்றில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். சுழலும் சிலம்பக் கம்பு அதில் வில்லாக வளைந்து விழும். எல்இடி விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடும் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. அதனால்தான் அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளுத்தும் ஒன்று இருண்டும் வருகிறது. மெக்கானிக்கல் ஷட்டரோடு, இந்த மினுக்கலைச் சமாளிக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி உள்ள கேமராவாகப் பாருங்கள். மேலே சொன்ன 7டி மார்க் 2-இலேயே அது உண்டு.

கார்டு விஷயத்திலும் ஏமாறாதீர்கள். மேலே பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். வி30, வி60, வி90 என்ற சிறிய எழுத்துதான் நொடிக்குக் குறைந்தது எத்தனை எம்பி எழுதும் என்று சொல்லும்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு பகைவன் ஈரக்காற்று. தொழிலுக்கு வந்த புதிதில், பழைய 70–200 ஜூம் லென்ஸ் ஒன்றைக் கண்ணாடி பளபளக்கிறதே என்று நம்பி வாங்கினேன். தேவனாம்பட்டினத்தில் சூரியனுக்கு எதிராக எடுத்த முதல் படமே பால் கொட்டியதுபோல் வெளிறியிருந்தது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், "சார், உள்ளே தோட்டமே வளர்ந்திருக்கிறது" என்றார். பழைய லென்ஸ் வாங்கும்போது இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல் பூஞ்சை இழை தெரிந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதமானி 40–50 சதவீதம் காட்டினால் போதும்.

அந்தத் தம்பியிடம் புது பாடி எதுவும் வாங்க வேண்டாம் என்றேன். இருக்கிற பாடிக்கே 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று போதும்; பெரும்பாலான கம்பெனிகளின் வரிசையில் மலிவான லென்ஸ்களில் ஒன்று அது. கபடிக் களமே 13-க்கு 10 மீட்டர்தான், மூலையில் தரையோடு உட்கார்ந்தால் ஆட்டம் மடிமேல் வந்து விழும். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஜூம் ஆகாத லென்ஸா என்று முகம் சுருங்கியது. என்னுடையதைக் கொடுத்தனுப்பினேன்.

மாசியில் லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஷட்டர் 1/1250. பாடிப் போனவனின் குதிகாலிலிருந்து கிளம்பிய புழுதி, பொடிப்பொடியாக அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் நடுவர் மங்கலாகத் தெரிகிறார்.