எழுபது கிலோ இழுவையும் மூன்று மில்லிமீட்டர் பலகையும்

எஃகுத் தந்திகள் பூட்டிய ஓர் அக்கூஸ்டிக் கிட்டாரைச் சுருதி கூட்டி வைக்கும்போது, அதன் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. இரவும் பகலும் இடைவிடாத அந்த இழுவையைத் தாங்கி நிற்கும் மேற்பலகையின் தடிமனோ பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. பலகையைத் தடிமனாக விட்டால் கிட்டார் நூறாண்டு நிற்கும், ஆனால் வாய் திறக்காது. மிகையாக இழைத்துவிட்டால் சில ஆண்டுகள் உரக்க ஒலித்துவிட்டு, தந்திகளின் அடிமுனையைப் பிணைக்கும் பாலத்தின் பின்புறம் புடைத்து, முன்புறம் குழிந்து, உருக்குலைந்து போகும். கையால் கிட்டார் செய்பவரின் வேலை முழுவதும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான இடத்தில்தான் நடக்கிறது.

மேற்பலகை ஒலியைப் பெருக்குகிறது என்று சொல்லப்படுவது துல்லியமான கூற்றன்று. மீட்டிய விரல் தந்திக்குக் கொடுத்த ஆற்றலுக்கு மேல் ஓர் இம்மியும் மரத்தால் சேர்க்க முடியாது. தந்தி மிக மெல்லியது என்பதால் அது அசையும்போது காற்று அதன் இருபுறமும் நழுவி ஓடிவிடுகிறது. தனித்து அதிரும் தந்தியின் ஒலி ஓரடி தூரத்தில்கூடச் சரியாகக் கேட்காது. அந்த அதிர்வு பாலத்தின் வழியே அகன்ற பலகைக்கு இறங்கும்போது, பலகை தன் பரப்பு முழுவதாலும் காற்றைத் தள்ளி இழுக்கிறது. ஆகவே பலகை செய்வது பெருக்கல் அன்று, பட்டுவாடா. தந்தியில் உள்ள ஆற்றலை எவ்வளவு விரைவாக வெளியே விடுவது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. எடை குறைந்த, எளிதில் அசையும் பலகை ஆற்றலைச் சட்டென்று செலவழித்து உரத்த, ஆனால் குறுகிய ஆயுள் கொண்ட ஒலியைத் தரும். கனத்த பலகை கஞ்சத்தனமாகச் செலவழித்து நீண்ட, ஆனால் மெலிந்த ஒலியைத் தரும்.

இதனால் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கப்படும் கேள்வி எளிமையானது: எந்த மரம் மிகக் குறைந்த எடையில் மிக அதிக விறைப்பைத் தருகிறது? ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் இதற்கு விடையாக நீண்ட காலமாக நிலைத்திருக்கிறது. அதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ அளவில்தான் இருக்கும். ஆனால் நார்கள் ஓடும் திசையில் அதனுள் ஒலி வினாடிக்கு 5,000 மீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. எஃகில் ஒலி செல்லும் வேகத்துக்கு இது ஏறத்தாழ ஈடானது. நாருக்குக் குறுக்கான திசையிலோ அதே மரத்தின் விறைப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். செந்நிற சீடர் மரமும் மேற்பலகைக்குப் பயன்படுகிறது; ஸ்புரூஸைவிட அது சற்று மென்மையானது, எடை குறைந்தது.

அறுக்கும் விதமும் மரத்தின் வகைக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. அடிமரத்தை ஆரத்தின் திசையில் பிளந்தோ அறுத்தோ எடுத்தால், வளர்ச்சி வளையங்கள் பலகையின் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும். இவ்வாறு எடுத்த பலகை குறுக்குத் திசையில் கூடுதல் விறைப்போடு இருக்கும். ஈரப்பதம் மாறும்போது சுருங்கி விரிவதும் குறைவு. வளையங்கள் 45 பாகை சாய்ந்துவிட்டால் குறுக்கு விறைப்பு கிடுகிடுவென்று சரிந்துவிடும். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு தகடுகளைப் புத்தகம்போல் விரித்து நடுவில் ஒட்டுவது வழக்கம். இரு பாதிகளின் ரேகைகளும் கண்ணாடிப் பிம்பங்களாக அமைவது அழகுக்கு மட்டுமன்று. இரு பாதிகளின் இயல்பும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கும்தான்.

பலகையை இழைக்கும் கட்டத்தில் கைவினைஞரும் தொழிற்சாலையும் வெவ்வேறு வழியில் பிரிகிறார்கள். ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. எடையோ தடிமனை நேராகத் தொடர்கிறது. மூன்று மில்லிமீட்டர் பலகையை 2.7 மில்லிமீட்டராக இழைத்தால் எடை பத்து விழுக்காடு குறைகிறது, விறைப்பு 27 விழுக்காடு குறைகிறது. இன்னொரு பக்கம், ஒரே காட்டில் வளர்ந்த ஒரே இன மரங்களுக்குள்ளேயே அடர்த்தியும் விறைப்பும் கணிசமாக வேறுபடுகின்றன. ஆயிரக்கணக்கில் செய்யும் தொழிற்சாலை, வந்து சேரும் பலகைகளில் மிகப் பலவீனமானதும் உடையாமல் நிற்கும் ஒரு தடிமனை எல்லாவற்றுக்கும் பொதுவாக நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. அதனால் நல்ல பலகைகள் தேவைக்கு மேல் தடித்தே நின்றுவிடுகின்றன. தனி ஒருவராகச் செய்பவர் வரைபடத்தில் உள்ள எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. பலகையின் இரு முனைகளையும் தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் தெரிந்த எடையொன்றை ஏற்றி, எத்தனை மில்லிமீட்டர் வளைகிறது என்று அளந்து, அந்தப் பலகைக்கு உரிய தடிமனை அவரால் கண்டறிய முடியும். கையால் செய்த கருவிக்கு ஒலியில் ஏதேனும் மேன்மை உண்டென்றால், அதன் பெரும்பகுதி இந்தச் சாத்தியத்திலிருந்தே வருகிறது என்பது என் கருத்து.

பலகையைத் தட்டிக் கேட்பதும் ஓர் அளவீடுதான். முனையிலிருந்து நீளத்தின் 22 விழுக்காடு தொலைவில் அதிராத கோடு ஒன்று இருக்கிறது. அங்கே விரல்களால் பிடித்துக்கொண்டு நடுவில் தட்டினால் பலகை தன் இயல்பான அதிர்வெண்ணில் தடையின்றி ஒலிக்கும். பிடிக்கும் இடம் தவறினால் அதே பலகை மந்தமாக ஒலிக்கும்; அதை வைத்து மரத்தைப் பழிக்கலாகாது. அதிராத கோடுகளைக் கண்ணால் காண்பதற்கும் வழி உண்டு. பலகையின்மேல் மெல்லிய மணலைத் தூவி அதிரச் செய்தால், மணல் துள்ளி நகர்ந்து அசையாத கோடுகளில் போய்ச் சேரும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787இல் வெளியிட்ட இம்முறையை இன்றும் பல கிட்டார் பட்டறைகளில் பயன்படுத்துகிறார்கள்.

இழைத்த பலகை மட்டும் தந்திகளின் இழுவையைத் தாங்காது. அதன் அடிப்புறத்தில் மெல்லிய மரச் சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. சட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். உயரத்தைப் பாதியாக்கினாலோ விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே சட்டங்கள் குறுகலாகவும் உயரமாகவும் நிறுத்தப்பட்டு, விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல உளியால் சீவித் தாழ்த்தப்படுகின்றன. ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் 19ஆம் நூற்றாண்டில் விசிறிபோல் விரியும் சட்ட அமைப்பைச் செம்மைப்படுத்தினார்; நைலான் தந்திக் கிட்டார்கள் இன்றளவும் அதன் வழியிலேயே செய்யப்படுகின்றன. ஜெர்மனியிலிருந்து 1833இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சி.எஃப். மார்ட்டினின் பட்டறையில் 1840களில் உருவெடுத்தது, இரு நீண்ட சட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் அமைப்பு. குடல் தந்திகளுக்காகச் செய்யப்பட்ட அது, பின்னாளில் வந்த எஃகுத் தந்திகளின் மிகுந்த இழுவையையும் தாங்கும் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இத்தனை சட்டங்களும் பலகையின் நாருக்குக் குறுக்காகவோ சாய்வாகவோ ஒட்டப்படுவதால் ஒரு சிக்கல் பிறக்கிறது. காற்று வறளும்போது நாருக்குக் குறுக்குத் திசையில் பலகை சுருங்க முயலும். நீளவாக்கில் மரம் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை என்பதால் சட்டங்கள் அதற்கு இடம் கொடா. 40 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை ஈரமான பருவத்துக்கும் வறண்ட பருவத்துக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாற முயன்று தோற்கும்போது, வெடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. பட்டறையின் காற்று ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்து ஒட்டுவதும், சட்டங்களின் அடிப்பாகத்தை இலேசாக வளைத்துச் சீவிப் பலகைக்கு மெல்லிய குவிவு கொடுப்பதும் இதற்காகத்தான். குவிந்த பலகை சுருங்கும்போது முதலில் தட்டையாகும், உடனே வெடிக்காது.

பக்கப்பலகைகள் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் ஈரமும் வெப்பமும் சேரும்போது இளகுகிறது. நனைத்த பலகையைச் சூடேறிய உலோகக் குழாயின்மேல் அழுத்தி மெல்ல உருட்டினால், இடுப்பின் உள்வளைவும் தோளின் வெளிவளைவும் கைக்கு வசப்படும்; ஆறியதும் லிக்னின் மீண்டும் இறுகி அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பக்கங்களுக்கும் பின்பலகைக்கும் ஈட்டி மரமும் மஹோகனியும் புகழ்பெற்றவை. ஒவ்வொன்றின் நாதத்தையும் வருணிப்பதற்கென்றே தனி மொழி ஒன்று வளர்ந்திருக்கிறது. ஆனால் மேற்பலகையே ஒலியின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று காட்ட விரும்பிய தோரெஸ், 1862இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக்கூழால் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் பங்கேற்று 2018இல் வெளியான ஆய்வொன்றில், பின்புற மரத்தில் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களை, கருவியைப் பார்க்க முடியாத நிலையில் 52 கலைஞர்கள் வாசித்து மதிப்பிட்டார்கள். அவர்களின் மதிப்பீட்டில் விலையுயர்ந்த மரம் எதுவும் குறிப்பிடத்தக்க அளவு முந்தவில்லை. பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ள சூழலில், இந்த முடிவுகள் கைவினைஞர்களுக்கு ஆறுதல் தரவேண்டியவை.

பெட்டி மூடப்பட்டதும் அதனுள் அடைபட்ட காற்றும் ஓர் உறுப்பாகிவிடுகிறது. வாய் குறுகிய புட்டியின் விளிம்பில் ஊதினால் எழும் ஒலியைப்போல, வட்டத்துளையின் வழியே காற்று உள்ளும் புறமும் ஊசலாடுகிறது. முழு அளவுக் கிட்டாரில் இந்த ஒத்ததிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், மேற்பலகையின் முதன்மையான ஒத்ததிர்வு 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் அமையும். மிகத் தடித்த தந்தியின் அடிப்படை அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸ், அத்தகைய தாழ்ந்த ஒலிகளுக்குப் பலகை தனியாக ஈடு கொடுக்க முடியாத இடத்தில் காற்று கைகொடுக்கிறது.

கழுத்தைப் பொறுத்தவரை கலையைவிடக் கணக்கே மிகுதி. சுரங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பிகளான மெட்டுகள் அமையும் இடத்தைக் காண, எஞ்சியுள்ள தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுக்க வேண்டும்; 648 மில்லிமீட்டர் நீளத்துக்கு முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டரில் வரும். இத்தாலிய இசை அறிஞர் வின்சென்ஸோ கலிலேயி 16ஆம் நூற்றாண்டில் 18ஆல் வகுக்கும் விதியைச் சொன்னார். அதில் பிழை சிறிதே. விரல் அழுத்தும்போது தந்தி சற்று நீண்டு சுருதி ஏறுவதை ஈடுகட்ட, பாலத்தின்மேல் உள்ள எலும்புத் துண்டு சில மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தப்படுகிறது. தடித்த தந்திகளுக்குக் கூடுதல் ஈடு தேவைப்படுவதால் அத்துண்டு சாய்வாகவே நிற்கும்.

மெருகேற்றும் வேலையை ஒப்பனை என்று நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெரிய கிட்டாரின் மேற்பலகை ஏறத்தாழ 0.13 சதுர மீட்டர் பரப்புடையது, 2.8 மில்லிமீட்டர் தடிமனில் அதன் எடை 145 கிராம் அளவில் இருக்கும். அதன்மேல் 0.1 மில்லிமீட்டர் மெருகுப் படலம் பூசினால் 15 கிராம் வரை கூடுகிறது, அதாவது பலகையின் எடையில் பத்தில் ஒரு பங்கு. தடிமனைப் பத்துப் பத்து மைக்ரானாகக் குறைத்து மிச்சம் பிடித்த எடையைத் தெளிப்பான் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிடும். மேலும் பலகை வளையும்போது அதிக இழுவிசையும் அமுக்கமும் ஏற்படுவது புறப்பரப்பில்தான். படலம் உட்காருவதும் அங்கேதான். ஆதலால் அது அதிர்வின் ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக்கி விழுங்கிவிடுகிறது. நாருக்குக் குறுக்கான திசையில் ஸ்புரூஸ் இயல்பாகவே நெகிழ்வானது என்பதால் அத்திசையில் இந்தப் பாதிப்பு கூடுதல்.

மிக மெல்லிய படலத்தைத் தருவது அரக்கு. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சாராயத்தில் கரைத்து, பஞ்சைப் பொதிந்த துணியால் ஒரு துளி எண்ணெயின் வழுக்கலில் வட்டமாகவும் எட்டு வடிவிலும் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்கள். ஈட்டியிலும் மஹோகனியிலும் திறந்திருக்கும் நுண்துளைகளை, நுரைக்கல் தூளும் மரத்தூளும் அரக்கும் கலந்த பசை தேய்க்கும்போதே நிரப்பிவிடும். நூற்றுக்கணக்கான மெல்லிய பூச்சுகளுக்குப் பிறகும் படலம் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளைத் தாண்டாது. வியர்வைக்கும் வெப்பத்துக்கும் அது எளிதில் இளகும் என்பது குறை. கெட்ட இடத்தைத் தடம் தெரியாமல் திருத்த முடியும் என்பது நிறை.

எஃகுத் தந்திக் கிட்டார்களில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பரவலானது. இதைத் தெளிக்கும்போது புதிய பூச்சு பழையதைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும்; கரைப்பான் ஆவியாகி வெளியேறப் பல வாரங்கள் ஆவதால், அதுவரை படலம் சுருங்கிக்கொண்டே இருக்கும். பொறுமையிழந்து முன்கூட்டியே நீர் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால், சில மாதங்களில் மரத்தின் நுண்துளைகள் மேற்பரப்பில் குழிகளாகத் தலைகாட்டும். பாலியெஸ்டர் போன்ற பூச்சுகள் வேதிவினையால் விரைவில் இறுகுகின்றன. கீறலுக்கும் எளிதில் அஞ்சா. தடித்துப் பூசப்பட்டதைத்தான் குறை சொல்ல வேண்டுமே தவிர அந்தப் பொருளையே குறை சொல்வது சரியன்று. ஈட்டி மரத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: அதிலுள்ள பிசின்களின் நிறம் சாராயத்தில் கரைந்து வெளிர்நிற விளிம்புகளைக் கறையாக்கும், சில பூச்சுகளை இறுகவிடாமலும் தடுக்கும்.

பாலம் ஒட்டப்படுவது பெரும்பாலும் மெருகு முடிந்த பின்னரே. அது அமரும் இடத்தில் படலத்தைச் சுரண்டி எடுத்து, மரத்தோடு மரமாக ஒட்ட வேண்டும். தந்திகள் பாலத்தை இழுப்பதோடு முன்னோக்கிக் கவிழ்க்கவும் பார்ப்பதால், வேறெந்த ஒட்டும் இவ்வளவு சோதனைக்கு உள்ளாவதில்லை. இங்கே பலர் இன்னும் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையையே நாடுகிறார்கள். சூடாகப் பூசி விரைவில் அழுத்த வேண்டிய தொல்லை அதில் உண்டு. ஆனால் காய்ந்தபின் அது கண்ணாடிபோல் இறுகுவதால், தொடர்ந்த இழுவையில் வழுவாது. வெப்பமும் ஈரமும் காட்டினால் பின்னாளில் பழுதுபார்ப்பவருக்கு விட்டும் கொடுக்கும்.

தந்தி பூட்டிய முதல் சில வாரங்களில் மேற்பலகை மெல்ல உயர்ந்து புதிய சமநிலைக்கு வரும். கழுத்தும் சற்று முன்வளையும். ஆகவே எலும்புத் துண்டை முதலிலேயே இறுதி உயரத்துக்கு அரத்தால் தேய்த்துவிடாமல் சிறிது உயரமாகவே விட்டு, அசைவு அடங்கிய பிறகு கழுத்தினுள் உள்ள எஃகுத் தண்டைத் திருகி வளைவைச் சரிசெய்து, பன்னிரண்டாம் மெட்டின்மேல் தடித்த தந்தி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள்.