ரைமிங் பெயர்: தமிழில் எப்படிச் சொல்வது?

2018-இல் கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தபோது என் தம்பிக்கு மூத்த மகள் பிறந்தாள். பெயருக்காக யாரும் மூளையைக் கசக்கவில்லை. குறிஞ்சி என்றே வைத்துவிட்டார்கள். இப்போது இரண்டாவதும் பெண். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி, இனி 2030-இல்தான் பூக்கும். ஆகவே இந்த முறை மலை கைகொடுக்கவில்லை. கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறை ஊரில், எங்கள் வீட்டில் பதினைந்து நாளாக ஒரே பேச்சு: "அக்கா பெயருக்கு ரைமிங்காக வர வேண்டும்." தமிழ் படித்தவன் என்று என்னையும் இழுத்தார்கள். நான் பெயரை விட்டுவிட்டு ‘ரைமிங்’ என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன்.

ரைம் என்பது ஆங்கிலத்துக்கும் பிறந்த வீட்டுச் சொல் அன்று. பழைய பிரெஞ்சிலிருந்து ‘ரீம்’ என்ற வடிவில் போய்ச் சேர்ந்தது. நெடுங்காலம் அதை ஒலிப்பதுபோலவே எளிமையாக எழுதினார்கள். பின்னால் வந்த படிப்பாளிகள், தாளத்தைக் குறிக்கும் ‘ரிதம்’ என்ற கிரேக்கச் சொல்லோடு அதை உறவாக்கி எழுத்தையும் மாற்றினார்கள். இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்குமுன் இருந்த பழைய ஆங்கிலப் பாட்டில் வாலொலி முக்கியமில்லை. சொல்லின் தலையொலி ஒத்தால் போதும். அதாவது நம் மோனை. வால் ஒத்துப்போவது அங்கே பெரும்பாலும் பிரெஞ்சும் லத்தீனும் கொண்டுவந்த வழக்கம்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? பத்தில் ஒன்பது பேர் "எதுகை மோனை" என்பார்கள். பேச்சு வழக்குக்குச் சரி, இலக்கணத்துக்குச் சரியன்று. சீரின் முதலெழுத்து ஒத்துவருவது மோனை. முதலெழுத்தின் அளவு (குறிலா, நெடிலா என்பது) ஒத்திருக்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. இரண்டுமே சொல்லின் முன்பாதியைப் பார்ப்பவை. ரமேஷ், சுரேஷ், மகேஷ் என்று நாம் ‘ரைமிங்’ பார்ப்பது கடைசியில். (மூன்றுக்கும் வால் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை, மூன்றிலும் ஒட்டியிருப்பவர் ஒரே ஈசன்தான்.) அந்தக் கடைசி ஒற்றுமைக்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் இயைபு.

இயை என்றால் பொருந்து, இணங்கு. "அன்போடு இயைந்த வழக்கென்ப ஆருயிர்க்கு / என்போடு இயைந்த தொடர்பு" என்ற குறளில் இரண்டு அடியிலும் இந்தச் சொல் இருக்கிறது. உயிர் எலும்போடு பொருந்தியிருப்பதைச் சொல்ல வள்ளுவர் எடுத்த சொல்லை, அக்காள் பெயரோடு தங்கை பெயர் பொருந்துவதற்கு நாம் எடுத்துக்கொண்டால் தவறில்லை. ஆகவே ரைமிங் பெயர் என்பது இயைபுப் பெயர். அன்பு, என்பு என்று அதே குறளில் எதுகையும் கண்ணில் படுகிறது, கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இயைபு ஒன்றோடு நின்றால் நமக்கு நட்டம். தொல்காப்பியத்தின் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு என நான்கை அடுத்தடுத்துச் சொல்கிறது. நான்கும் தொடையின் வகைகள். தொடுப்பது தொடை; பூத்தொடுப்பது போல. பெற்றோர் உண்மையில் தேடுவது இந்தத் தொடையைத்தான்: இரண்டு பிள்ளைகளின் பெயரையும் ஒரே நாரில் கட்டுவது. ‘தொடைப்பெயர்’ என்றே சொல்லலாம் என்று நான் சொன்னதும் தம்பி மனைவி முகம் போன போக்கைப் பார்த்து அந்தச் சொல்லை அப்போதே திரும்பப் பெற்றுக்கொண்டேன். கோழிக் கடையில் புழங்கும் சொல்லைப் பெயர்சூட்டு விழாவுக்குக் கொண்டுவர முடியாதுதான். இணைப்பெயர் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை.

இணைப்பெயருக்கு எடுத்துக்காட்டு தேடி எங்கும் போக வேண்டாம், இந்த மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வந்து பழனியில் நின்றவரும் அவர் அண்ணனும்: ஆறுமுகன், ஆனைமுகன். தலையில் மோனை, வாலில் இயைபு. கூடவே முகத்தைப் பார்த்தாலே பொருளும் விளங்கிவிடுகிறது. இவர்களுக்கே இன்னொரு சோடியும் உண்டு: மூத்தபிள்ளையார், இளையபிள்ளையார். பெரியசாமி, சின்னசாமி என்று நம் தாத்தாக்கள் காலத்தில் வைத்ததெல்லாம் இந்த வழிதான். அண்ணன் பெயரிலேயே தம்பிக்கு இடம் ஒதுக்கிவிடுவது. மொழியும் அதைத்தான் செய்கிறது. எம்பி என்றால் எனக்குப் பின் பிறந்தவன், நும்பி உனக்குப் பின் பிறந்தவன், தம்பி தமக்குப் பின் பிறந்தவன். மூத்தவரை உள்ளே வைத்துக்கொள்ளாமல் தம்பி என்ற சொல்லே இல்லை.

மரபு பாரியின் மகளிருக்குச் சொல்லும் பெயர்கள் அங்கவை, சங்கவை. எதுகையும் இயைபும் இவ்வளவு கச்சிதமாகப் பூட்டிக்கொண்ட சோடி எனக்கு வேறு தெரியாது. ஆனால் ஒலி ஒத்தால் உள்ளமும் ஒக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். பாரி, காரி, ஓரி மூவரும் கடையெழு வள்ளல்கள். பெயர்களில் எதுகையும் இயைபும் சொட்டுகின்றன. அந்தக் காரிதான் ஓரியைக் கொன்றான்.

இன்றைக்கு எல்லோரும் வாலையே பிடித்துத் தொங்குவதற்குப் பஞ்சாங்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தலையெழுத்தை நட்சத்திரம் முடிவுசெய்துவிடுகிறது. எங்கள் சின்னவள் ரோகிணி; அதற்கு ஓ, வ, வி, வு. குறிஞ்சிக்கு மோனையாகக் கோதை என்று நான் சொன்னது (கு, கூ, கொ, கோ நான்கும் ஒன்றுக்கொன்று மோனை) அங்கேயே அடிபட்டது. எதுகைக்கு அறிவழகி என்றேன்; றிக்கு றி சரியாக வந்தது, அதுவும் அடிபட்டது. தலை கையைவிட்டுப் போனபின் பெற்றோருக்கு மிஞ்சுவது வால்தானே.

தம்பி மனைவியே ஒன்று கண்டுபிடித்தாள்: வஞ்சி. ‘வ’வில் தொடங்குகிறது, ‘ஞ்சி’யில் முடிகிறது. கொடி என்றும் பொருள், பெண் என்றும் பொருள், சேரர் தலைநகருக்கும் அதே பெயர். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தொல்காப்பியம் காதலைப் பாடும் அகத்திணை ஒவ்வொன்றுக்கும் ஒரு புறத்திணையை இணைசேர்த்து, அதைப் ‘புறன்’ என்கிறது. அதன்படி வஞ்சி முல்லைக்குப் புறனான திணை; குறிஞ்சிக்குப் புறன் வெட்சி. அதிலும் இயைபு இருக்கிறது, முருகனுக்கு உகந்த பூவும் அது. மலைத்தெய்வமான முருகன் இங்கே குழந்தை வேலப்பராகக் கோயில் கொண்டிருக்க, குறிஞ்சிக்குத் தங்கையாக வெட்சி வருவதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? வெட்சித்திணை என்பது பகைவரின் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. ‘வெ’ ரோகிணிக்கு ஆகாது, ‘வே’ என்றாலும் அடுத்த நட்சத்திரமான மிருகசீரிடத்துக்குப் போய்விடும் என்பதைச் சோதிடர் சொல்லிவிட்டார்.

இயைபில் ஒரு சிக்கல் உண்டு, சமவெளிக்காரர்களுக்கு அது அவ்வளவாக உறைக்காது. கூப்பிடும்போது தமிழ்ப் பெயர் கடைசியில் நீளும்: குறிஞ்சி குறிஞ்சீ ஆகும், தேன்மொழி தேன்மொழீ ஆகும். பூண்டு போட்ட படிக்கட்டு வயலில், மஞ்சு இறங்கிய நேரத்தில், மேல்தட்டில் நின்று கூப்பிட்டால் கீழே போய்ச் சேருவது அந்த நீண்ட வால் மட்டும்தான். வாலே ஒன்றாக இருந்தால் யாரைக் கூப்பிட்டோம் என்பது தெரியாது. அதனால்தான் கயல்விழிக்குத் தேன்மொழியைத் தங்கையாக்குவதில் எனக்கு ஒப்புதல் குறைவு. அக்காளும் தங்கையும் தலையில் ஒத்து வாலில் பிரிந்தால் அம்மாவின் தொண்டைக்கு நல்லது.

தம்பி இதை நம்பவில்லை. நேற்றுச் சாயங்காலம் மேல்தட்டுக்கு ஏறிப்போய் மூன்றையும் கூப்பிட்டுப் பார்த்தான்: குறிஞ்சீ, வஞ்சீ, வெட்சீ. மூன்று முறையும் பெரியவள்தான் "என்னப்பா" என்று கேட்டுக்கொண்டு ஓடினாள்.