மெத்தைக்குள்ளே சுண்ணாம்புப் பொடி

போன மாதம் ஓர் அக்கா தன் வீட்டு மெத்தையைச் சுருட்டிக் கட்டி, சைக்காவில் (பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா) ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறதாம். வீட்டுக்காரர் படுக்கும் பக்கம் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம்.

“வாங்கும்போது கல்லு மாதிரி இருந்துச்சு தம்பி. நல்லா அமுக்கிப் பாத்துத்தான் வாங்கினேன்” என்றார்.

உறையைக் கழற்றி, ஃபோமின் ஓரத்தைக் கிள்ளி, விரலால் தேய்த்தேன். வெள்ளையாக மாவு போல ஒட்டியது. உதவிக்கு இருக்கும் பையன் என் விரலைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணே, காளி கோவிலுக்குப் போய்ட்டு வந்தீங்களா?” என்று சிரித்தான். அது திருநீறு இல்லை. சுண்ணாம்புக்கல் பொடி.

யாங்கோனில் மூன்று தலைமுறையாக மெத்தை தைக்கிறோம். தாத்தா காலத்தில் எல்லாம் இலவம்பஞ்சுதான். பர்மியர் லெப்பான் என்று சொல்லும் மரத்தின் பஞ்சு. பஞ்சு மெத்தையில் ஏமாற்றுவது கஷ்டம். பிரித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஃபோம் அப்படியில்லை. பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும்.

கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் கையால் அமுக்கிப் பார்த்து, கெட்டியாக இருந்தால் நல்ல ஃபோம் என்று நினைக்கிறார்கள். தப்பு நடப்பது இங்கேதான். கெட்டி வேறு, அடர்த்தி வேறு. கெட்டி என்பது அமுக்குவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமில் எத்தனை கிலோ சரக்கு இருக்கிறது என்பது. மிருதுவான ஃபோமிலும் நல்ல அடர்த்தி இருக்கலாம். கல் மாதிரி இருப்பதிலும் சரக்கே இல்லாமல் இருக்கலாம். மெத்தை எத்தனை வருஷம் பள்ளம் விழாமல் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் அடர்த்திதான் முடிவு செய்கிறது.

சாதாரண பியு (பாலியூரித்தேன்) ஃபோமை இரண்டு ரசாயன திரவங்களைத் தண்ணீரோடு கலந்து செய்கிறார்கள். கலந்ததும் உள்ளே கரியமில வாயு உண்டாகி, ஆப்ப மாவு போலப் பொங்கும். அந்தக் குமிழ்களின் சுவர்தான் நம்மைத் தாங்குகிறது. திரவம் விலை அதிகம், சுண்ணாம்புப் பொடி மலிவு. அதனால் சிலர் பொடியைக் கலந்துவிடுகிறார்கள். எடை கூடும், கெட்டியாகவும் தெரியும். ஆனால் குமிழ்ச் சுவரில் வலு இருக்காது. ஓர் ஆள் ஒரு வருஷம் படுத்தால் நொறுங்கி உட்கார்ந்துவிடும்.

சரி, அடர்த்தியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆறடிக்கு ஐந்தடி, நாலு அங்குல கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து கன அடி வரும்; 0.28 கன மீட்டர். 32 அடர்த்தி என்று சொல்லி விற்றால் அந்த ஃபோம் ஒன்பது கிலோ இருக்க வேண்டும். இங்கே ஒரு வீசை 1.63 கிலோ என்பதால், நம் கணக்கில் ஐந்தரை வீசை. அதே அளவு ஃபோம் மூன்று வீசைதான் நிற்கிறது என்றால் அது 17 அடர்த்தி. அதைச் சாய்வு நாற்காலியின் முதுகுக்கு வைக்கலாம், ராத்திரி முழுக்கப் படுக்க ஆகாது. தராசு இல்லாவிட்டால், எடை பார்க்கும் மெஷினில் முதலில் நீங்கள் தனியாக ஏறுங்கள், அப்புறம் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். உறைக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கழித்துக்கொள்ளுங்கள். எடை சரியாக இருந்தால் ஜிப்பைத் திறந்து ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். அக்காவின் மெத்தை தராசில் தேறியது, விரலில்தான் மாட்டியது. ஜிப்பைத் திறக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் நான் அங்கே வாங்க மாட்டேன்.

அறுபது கிலோ ஆளுக்கு 28லிருந்து 32 போதும். எண்பதைத் தாண்டியவர்களுக்கு 35, 40 என்று போவேன். இந்தக் கணக்கு சாதாரண பியு ஃபோமுக்கு மட்டும்தான். வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளை அரைத்துப் பசை போட்டு அழுத்திய ரீபாண்ட் ஃபோம் 80, 100 என்று அடர்த்தி காட்டும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அடியில் போட நல்ல சரக்குதான். அதன் மேலேயே நேராகப் படுத்தால் தோளும் இடுப்பும் வலிக்கும். மேலே இரண்டு அங்குலம் மிருதுவான ஃபோம் வேண்டும். டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை ஷீட் போன்ற ஒன்றையும் மெத்தைக்குள் வைத்து விற்கிறார்கள். காற்றே புகாது. அதை வாங்க வேண்டாம்.

மெமரி ஃபோம் பற்றிச் சொல்லும்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 1966-ல் நாசாவுக்காக, விமான இருக்கைக்கு என்று உருவாக்கிய பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்குப் படிந்துகொள்ளும். ஒரு பெரியவருக்கு மூட்டு வலிக்கு நன்றாக இருக்கும் என்று ஜனவரியில் தைத்துக் கொடுத்தேன். தைப்பொங்கலுக்குப் பார்த்தபோது கையைப் பிடித்துப் பாராட்டினார். ஏப்ரலில் அவர் மகன் போன் செய்தான். வெளியே 38 டிகிரி, கரண்ட் முறை வைத்து வரும் ஊர், ஃபேன் கிடையாது. ஃபோம் களிமண் மாதிரி இளகி, பெரியவர் புரள முடியாமல் புதைந்து வியர்த்துக் கிடந்திருக்கிறார். திங்ஜான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறை முடிந்ததும் மேல் அடுக்கை எடுத்துவிட்டு ரப்பர் லேடெக்ஸ் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ஏசி ராத்திரி முழுக்க ஓடும் வீட்டுக்கு மட்டும்தான் இப்போது மெமரி ஃபோம் சொல்கிறேன்.

லேடெக்ஸ் ரப்பர்ப் பாலில் செய்வது. மௌலமியான் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அதன் வாசனையே போதும். நன்றாகத் துள்ளும், காற்று போகும், உழைக்கும். விலைதான் இடிக்கும், தூக்கி நகர்த்துவதும் பெரும்பாடு. அசலா என்று கேளுங்கள், ஏனென்றால் செயற்கை ரப்பர் கலந்ததும் அதே பெயரில் வருகிறது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள். நடுத்தர விலையில் நன்றாகத் துள்ளுவது ஹெச்ஆர் (ஹை ரெசிலியன்ஸ்) ஃபோம். கடையில் ஒரு கோலிக்குண்டை ஃபோம் மேல் போட்டுப் பாருங்கள். ஹெச்ஆரில் போட்ட உயரத்தில் பாதிக்கு மேல் எழும்பும். மெமரி ஃபோமில் அப்படியே செத்து விழும்.

இடுப்பு வலி என்றதும் பெரியம்மாக்கள் எல்லாம் பலகையில் படு என்பார்கள். கடைக்காரர்கள் ஆர்த்தோ என்று எழுதிக் கல்லை விற்பார்கள். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் மெத்தையில் ஒட்டிக்கொள்ளலாம். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. நான் கடையில் செய்வது இதுதான்: மல்லாந்து படுக்கச் சொல்லி இடுப்புக்கு அடியில் கையை விடச் சொல்வேன். கை தாராளமாகப் போய் வந்தால் கெட்டி அதிகம். நுழையவே இல்லை என்றால் மிருது அதிகம். பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத் தோள் கொஞ்சம் அமுங்க வேண்டும். பத்து நிமிஷமாவது படுங்கள், கடையில் வெட்கப்படாதீர்கள். கைக்குழந்தைக்கு மட்டும் இந்தப் பேச்சே கிடையாது: கெட்டியான, சமமான மெத்தையில் மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். மிருதுவான ஃபோமில் முகம் புதைந்தால் மூச்சு முட்டும்.

மழைக்காலம் இன்னொரு தொல்லை. இந்த ஊரில் வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் பக்கம் மழை கொட்டுகிறது. தரையில் விரித்த மெத்தையின் அடியில் ஆகஸ்டில் கரும்புள்ளி பூசணம் பார்த்திருப்பீர்கள். காலையில் எழுந்ததும் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். கட்டிலில் ஒட்டுப்பலகை அடித்திருந்தால் துளை போடுங்கள். பஞ்சு மெத்தையைத் தாத்தா மாடியில் வெயிலில் காயப்போட்டுத் தடியால் அடிப்பார். ஃபோமுக்கு அந்த வைத்தியம் ஆகாது. வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடிந்துவிடும், லேடெக்ஸ் இன்னும் சீக்கிரம். நிழலில் காற்றாட விட்டால் போதும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கரண்ட் போனதும் கட்டில் ஓரத்தில் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள். கொசுவர்த்திச் சுருளை மெத்தையை ஒட்டி வைக்காதீர்கள், இன்வெர்ட்டர் பேட்டரியையும்தான். பியு ஃபோம் பற்றிக்கொண்டால் சில நிமிஷத்தில் அறை முழுக்க எரியும். அதற்கு முன்னாலேயே புகை ஆளைச் சாய்த்துவிடும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகை அது. நம் வீடுகளோ முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு ஜன்னல் என்று நீளமாகக் கிடப்பவை.

அக்காவுக்கு அடியில் மூன்று அங்குலம் ரீபாண்ட், மேலே இரண்டு அங்குலம் 32 அடர்த்தி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவர் கேட்காமலேயே கண்ணெதிரில் நிறுத்துக் காட்டினேன். பழைய ஃபோமைப் போட மனமில்லாமல் அவரே சுருட்டி சைக்காவில் ஏற்றிக்கொண்டார். மழை நாளில் வாசலில் கால் துடைக்க ஆகுமாம்.