முழுநீளக் கட்டை போட்ட .22 ரைஃபிளா? குழலின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்

குழலின் நுனிவரை வால்நட் மரம் ஓடி, முனையில் ஒரு சின்ன உலோக மூடியோடு முடியும் கட்டை (துப்பாக்கியின் மரப்பகுதி) அழகுதான், மறுப்பே இல்லை. ஆஸ்திரியாவின் மான்லிகர்-ஷோனாவர் 1903 வேட்டை ரைஃபிளால் புகழ்பெற்ற வடிவம் அது. அமெரிக்காவில் 1964இல் வந்த ரூகர் 10/22 என்ற .22 அங்குலக் குழல்வகை செமி ஆட்டோமேட்டிக்குக்கும் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) அந்தப் பத்தாண்டிலேயே இதே கட்டையைப் போட்டு ‘இன்டர்நேஷனல்’ என்ற பெயரில் விற்றார்கள். பென்சில்வேனியாவில் நான் துப்பாக்கி பழுதுபார்க்கும் மேசைக்கு இவை வரும்போது புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “கோடையில் குறி சரியாக இருந்தது, இப்போது ஒரு பக்கமாகப் போகிறது.”

உடனே குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். நான் முதலில் மரத்தைத்தான் பார்ப்பேன்.

10/22இன் ரிசீவர், அதாவது சுடும் பொறிகள் இருக்கும் நடுக்கூடு, அலுமினியம். அதைக் கட்டையோடு பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு. குழலை ரிசீவரோடு இறுக்குவது V வடிவத் துண்டும் இரண்டு சிறு திருகுகளும். இவ்வளவு எளிய பிடிப்பில், குழலின் மீது மரம் எந்தப் பக்கம் அழுத்தினாலும் குண்டு போகும் இடம் மாறும். முழுநீளக் கட்டையில் மரம் நுனிவரை கூடவே ஓடுவதால் அழுத்துவதற்கு இடமும் அதிகம். ஈரமான கோடையில் மரம் உப்பும், ஹீட்டர் ஓடும் குளிர்கால வீட்டில் சுருங்கும். மழைக்காலத்தில் இறுகிப்போகும் நிலைக்கதவுக்கு நடப்பதுதான் இதற்கும். தோள்வார் வளையம் கட்டையின் முன்பகுதியில் இருந்து, வாரை இழுத்துப் பிடித்துச் சுட்டால் இன்னும் கொஞ்சம் விலகும்.

ஒரு மெல்லிய தாளைக் குழலுக்கும் மரத்துக்கும் இடையே நுழைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் சிக்கி நின்றால் அழுத்தம் அங்கேதான். அதற்காக உப்புத்தாளை எடுத்து வீட்டிலேயே தேய்க்க ஆரம்பிக்க வேண்டாம். முன்பகுதி மரம் மெல்லியது, தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

குறி தப்புவதைவிட என்னைக் கவலைப்படுத்துவது துரு. துடைக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் மேல்பாதியைத்தான் துடைக்கிறார்கள். மழையில் நனைந்த ரைஃபிளில் தண்ணீர் மரத்தின் பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். கட்டையைக் கழற்றினால், மேலே கறுப்பாக மின்னும் குழலில் மரத்தின் விளிம்பு தொட்ட இடத்தில் நேர்கோடாகப் பழுப்புத் துரு. அதற்குக் கீழே சிறு சிறு குழிகள். பள்ளத்தின் உட்புறம் பூச்சில்லாத வெறும் மரமாக இருந்தால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் உள்ளேயும் முனை மரத்திலும் பூச்சு கொடுத்துவிடச் சொல்வேன்.

நனைந்தால் அன்றே, இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறையாவது கட்டையைக் கழற்றித் துடையுங்கள். கழற்றுமுன் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) எடுங்கள், அப்புறம் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் நகரும் இரும்புத் துண்டு) இழுங்கள். வரிசை முக்கியம். மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) ஏறிவிடும். மேகசினை மட்டும் எடுத்துவிட்டு ‘காலி’ என்று நினைப்பதும் தப்பு, சேம்பரில் ஒன்று இருக்கலாம், அது சுடும். போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை வைத்துத் தடவியும் பாருங்கள். தோட்டா டப்பா அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

10/22இல் ரிசீவர் வெளியே வராமல் முரண்டு பிடித்தால் நெம்பாதீர்கள். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி பொத்தான் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் மரத்தில் மாட்டும். நெம்பியதால் அந்தத் துளைக்குப் பக்கத்தில் மரம் சிலாம்பு பெயர்ந்து வந்த கட்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் மெல்லிய படலமாக இருந்தால் போதும். நிறைய விட்டு, குழல் மேல்நோக்க அலமாரியில் நிறுத்தினால் எண்ணெய் வழிந்து ரிசீவருக்குப் பின்னால் இருக்கும் மரத்தை ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். திரும்பப் பூட்டும்போது திருகை ஒவ்வொரு தடவையும் ஒரே இறுக்கத்தில் வையுங்கள். அதன் பிறகு சுடுதளத்தில் குறியைச் சரிபார்க்காமல் அணில் வேட்டைக்குக் கிளம்ப வேண்டாம்.